பில்லில் ஏறிய வேலையும் வண்டியில் நடந்த வேலையும்

வாசகர் கேள்வி – பதில்

காரைச் சர்வீஸுக்கு விடும்போது, செய்யப்போகும் வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாளான ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள் என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே குறையை வெவ்வேறு ஊர்களிலிருந்து சொல்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களையும், அவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயர்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் சிறிய பெட்ரோல் கார் 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வழக்கமான சர்வீஸுக்கு 5,500 ரூபாய் ஆகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். மாலையில் எடுக்கப் போனபோது 14,200 ரூபாய்க்குப் பில் நீட்டினார்கள். என்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங், வீல் அலைன்மென்ட், பேலன்சிங் என்று பட்டியல் நீள்கிறது. கேட்டதற்கு, "காலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, மேடம்" என்றார்கள். இதில் எது தேவை, எது ஏமாற்று?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்த ஏழில் எதையும் முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்கு, ஏதோ ஒரு நிலையில் தேவைப்படுகிற வேலைதான். உங்கள் வண்டிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டதா என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் உங்களிடம் சொல்லவில்லை. குற்றம் அங்கே இருக்கிறது.

காரோடு தந்த உரிமையாளர் கையேட்டை எடுத்து, அதிலுள்ள பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் போதும் என்று வண்டியைச் செய்த நிறுவனமே அதில் எழுதியிருக்கும். என்ஜின் ஃபிளஷ் என்ற சொல் பெரும்பாலான கையேடுகளின் அட்டவணையில் இருக்காது. பழைய ஆயிலை வடிப்பதற்கு முன் ஒரு புட்டி கரைப்பானை ஊற்றி, சில நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, உள்ளே படிந்த கசடைக் கரைத்து வெளியேற்றுவதுதான் அந்த வேலை. காலம் தவறாமல் ஆயில் மாற்றிவந்த என்ஜினில் கரைக்கும் அளவுக்குக் கசடு சேர்வது அரிது. நீங்கள் ஒவ்வொரு ஆண்டும் சர்வீஸ் செய்திருந்தால் அந்தத் தொகை வீண்தான்.

என்ஜினுக்கு எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரும், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியும் அப்படியல்ல. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் நடுங்கினாலோ, தானாக அணைந்துபோனாலோ, மைலேஜ் சட்டென்று குறைந்தாலோ அவற்றைச் சுத்தம் செய்வதில் நியாயம் உண்டு. அப்படி எந்தக் குறையையும் நீங்கள் சொல்லாதபோது, எதைச் சரிசெய்வதற்காக அந்த வேலை நடந்தது என்று கேளுங்கள்.

ஏசி கிருமிநீக்கம் என்பது பல இடங்களில் ஒரு நுரையோ நறுமண ஸ்பிரேயோ மட்டுமே. ஏசியில் வாடை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை. பல கார்களில் கிளவ் பாக்ஸை இறக்கினால் அது கையில் வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில், ஆறு மாதத்துக்கு முன்புதான் ஏசி சுத்தம் செய்து பில் கொடுத்ததாகச் சொன்ன காரின் ஃபில்டரை நானே உருவினேன். மடிப்புக்கு மடிப்பு வேப்பிலைச் சருகும் கருப்புத் தூசியும் அடைந்திருந்தன. அந்த வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு உண்டு. ஸ்பிரே அடித்தவர் அந்த மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அண்டர்பாடி கோட்டிங் நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் ஓடும் வண்டிக்குப் பயன் தரலாம். ஆனால் அடிப்பகுதியைச் சேறு போகக் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே பூச வேண்டும். சேற்றின் மேலேயே பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். துரு வெளியே தெரியாமல் வளரும். காலையில் விட்ட வண்டியை மற்ற ஆறு வேலைகளோடும் அன்று மாலையே தந்தார்கள் என்றால், கழுவிக் காயவைக்க நேரம் எங்கே இருந்தது?

அலைன்மென்ட் இயந்திரம் வேலைக்கு முன்பு இருந்த சக்கரக் கோணங்களையும் பின்பு வைத்த கோணங்களையும் தாளில் அச்சிட்டுத் தரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முன்பிருந்த அளவுகளே வரம்புக்குள் இருந்தால் சரிசெய்ய அங்கே ஒன்றுமே இருந்திருக்காது. தாளே இல்லை என்றால் வண்டி அந்த மேடையில் ஏறியதா என்றே ஐயப்பட வேண்டும். சக்கரம் அதிராமல் சுழல எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்குக்குப் பல இடங்களில் ரிம்மில் பொருத்தும் எடைத்துண்டுகளைக் கிராம் கணக்கில் பில்லில் ஏற்றுவார்கள். துண்டுகளின் மேல் கிராம் அளவு பொறித்திருக்கும். நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து கூட்டிப் பார்த்துவிடலாம்.

பட்டியலில் நீங்கள் எழுதாத ஒன்றையும் பாருங்கள். என்ஜின் ஆயில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள்? உங்கள் காரின் என்ஜின் ஃபில்டரோடு சேர்த்து எவ்வளவு கொள்ளும் என்பது கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் 3.1 லிட்டர் என்றிருந்து பில்லில் 4 லிட்டர் என்றிருந்தால், மீதி 900 மில்லி எங்கே என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் இடங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். காலை நேரத்து அவசரத்தில், வேலைகளின் பெயரோ தொகையோ எழுதாத தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு கோடுகளை நிரப்புவது பழைய பழக்கம். இன்று சில நிறுவனங்கள் செல்பேசிக்கு அனுப்பும் இணைப்பில் ஒப்புதல் கேட்கின்றன. பாடம் நடத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அதை விரலால் தட்டிவிட்டால் அதுவும் கையெழுத்துத்தான். அடுத்த முறை ஜாப் கார்டில், "மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் எந்த வேலையையும் என்னிடம் தொலைபேசியில் கேட்காமல் செய்யக் கூடாது" என்று உங்கள் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டு, செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இருக்கும் ஜாப் கார்டை, வண்டியை வாங்கி வேலைகளை எழுதும் சர்வீஸ் அட்வைசர் வேறு விதமாகக் கையாளுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு சர்வீஸ் சென்டரில் அட்வைசராக வேலை பார்க்கிறேன். வழக்கமான சர்வீஸ் தவிர, ஒவ்வொரு காருக்கும் சராசரியாக இவ்வளவு ரூபாய்க்குக் கூடுதல் வேலை விற்க வேண்டும் என்று மாதந்தோறும் எங்களுக்கு இலக்கு வைக்கிறார்கள். எட்டாவிட்டால் ஊக்கத்தொகை இல்லை. காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்துக் கேட்கிறார்கள். உங்கள் குறிப்பைப் படித்தபோது எங்களைத் திருடர்கள் என்று சொன்னதாகவே பட்டது. நாங்கள் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்களை அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருபத்தாறு வயதில் நானும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். மாதக் கடைசி நாள்களில் தேவையில்லாத கார்களுக்கு இன்ஜெக்டர் கிளீனிங் எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர்; பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், சட்டையின் உள்பையிலிருந்து பணத்தை எடுத்து இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

நீங்கள் விவரிக்கும் நோய்க்கு ஊர், நாடு என்ற வேறுபாடு இல்லை. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், வாகனப் பழுதுபார்ப்பைக் கண்காணிக்கும் அரசுத் துறையினர், தேய்ந்த பிரேக்கைத் தவிர மற்றபடி நல்ல நிலையில் இருந்த கார்களை வாடிக்கையாளர்களைப் போலவே சியர்ஸ் நிறுவனத்தின் கார் சர்வீஸ் நிலையங்களுக்கு ஓட்டிச்சென்று பார்த்தார்கள். நன்றாக இருந்த பாகங்களையும் மாற்றச் சொல்லிப் பணம் வாங்கியதாகக் குற்றம்சாட்டி, உரிமத்தையே பறிக்க நடவடிக்கை தொடங்கினார்கள். விற்பனைக்கு ஏற்ற கமிஷனும் இலக்கும் வைத்து அட்வைசர்களை விரட்டியதே இதற்குக் காரணம் என்பது வெளிப்பட்டு, அந்த நிறுவனம் அந்தக் கமிஷன் முறையைக் கைவிட்டது. மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கெட்டுப்போனவர்கள் அல்லர்; சம்பளம் கணக்கிடும் முறையே அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது. ஆகவே முதன்மைப் பொறுப்பு இலக்கு வைப்பவருடையது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதற்காக உங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று ஒப்புக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. ஜாப் கார்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, "உடனே தேவை", "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்", "விருப்பப்பட்டால் மட்டும்" என்ற மூன்றில் ஒன்றை எழுதிவிட்டு வாடிக்கையாளரிடம் நீட்டுங்கள். விற்கக் கூடாது என்று உங்களை யாரும் சொல்லவில்லை. காருக்கு மெருகு போட விரும்புகிறவர் போட்டுக்கொள்ளட்டும். விருப்பத்தைத் தேவை என்று சொல்லாமல் இருந்தால் போதும். இந்த முறையில் என்னிடம் வந்தவர்கள் முதல் மாதம் குறைவாகவே வாங்கினார்கள். ஆனால் இரண்டாம் ஆண்டிலும் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள்.

கேள்வி: சென்ற கோடையில் சர்வீஸ் சென்டரில் முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அதே இடத்தில் தேவையில்லாத கோட்டிங்குக்குப் பணம் கொடுத்து ஏமாந்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று மறுத்துவிட்டேன். மூன்று மாதத்தில் பிரேக் போடும்போதெல்லாம் இரும்பு உரசும் சத்தம் வந்தது. இப்போது டிஸ்க்கும் கீறிப்போய், இரண்டையும் மாற்றியிருக்கிறேன். யாரை நொந்துகொள்வது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னை மிகவும் உலுக்கியது உங்களுடையதுதான். தேவையற்றதைத் திணிப்பதால் வாடிக்கையாளர் இழக்கும் பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அதைவிடப் பெரிய கேடு, அதே வாயிலிருந்து மறுநாள் வரும் உண்மையான எச்சரிக்கையையும் நம்ப முடியாமல் போவதுதான். அன்று கோட்டிங் விற்றவர்தான் இன்று உங்கள் பிரேக்கையும் ஆபத்தில் தள்ளினார். மனைவி மக்களோடு மலையிறங்கும்போது அந்தச் சத்தம் வராமல், தெருவிலேயே வந்ததற்கு ஆறுதல் கொள்ளுங்கள்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி. பிரேக் பேட் என்பது இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள். புதியதில் அந்தப் பொருள் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவதே பொதுவான வழக்கம். சக்கரத்தைக் கழற்றிய நிலையில் உங்களை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். பணிமனைக்குள் வாடிக்கையாளரை விடுவதில்லை என்றால், கார் எண்ணும் பேடும் ஒரே படத்தில் தெரியும்படி காணொளி அனுப்பச் சொல்லுங்கள். தேய்ந்த பேட், அதைத் தாங்கும் இரும்புத் தகட்டைவிட மெலிந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பல பேட்களில் ஒரு சிறு உலோக நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து வரும்போது அது டிஸ்க்கில் பட்டுக் கீச்சிடும். நீங்கள் கேட்டது அந்தக் கீச்சு அல்ல, அதையும் தாண்டி வெறும் தகடே டிஸ்க்கை அரைத்த சத்தம்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதையும் பலர் ஏமாற்று என்று நினைத்து மறுக்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிநிலை கொண்டிருக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரநிலை வைத்திருக்கும் கீழ் எல்லை 155 டிகிரி மட்டுமே. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், அந்தச் சூட்டில் பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால்தான் பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ஈரத்தின் அளவைக் காட்டும் பேனா போன்ற சோதனைக் கருவி பல பணிமனைகளில் இருக்கிறது. அதை உங்கள் முன் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

பிரேக், டயர், ஸ்டீயரிங்கின் இணைப்புகள், பெல்ட் உள்ள என்ஜினாக இருந்தால் டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் பற்றி யார் எச்சரித்தாலும், சொன்னவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளாமல் ஒதுக்காதீர்கள். டயருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ளவை. டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது.

கேள்வி: திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் வந்தபோது டயரில் காற்று குறைந்தது. ஓரத்திலிருந்த ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஒரே டயரில் ஐந்து பஞ்சர் என்று எண்ணிக்கை சொல்லிப் பணம் கேட்டார்கள். அப்படி ஆகுமா?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: ஆணி சிதறிய சாலையில் ஆகலாம். ஆனால் நீங்கள் தேநீர் குடித்த நேரத்தில் ஆகியிருக்கவே வாய்ப்பு அதிகம். டியூப்லெஸ் டயரில் சோப்பு நீரைத் தடவி, குமிழ் வரும் இடத்தை ஊசியால் குத்திப் பார்ப்பதுபோல் காட்டி, நல்ல இடத்திலும் அந்த ஊசியை இறக்கிவிடுவது பல நெடுஞ்சாலைகளில் நடக்கும் ஏமாற்று. ஊசியைக் கையில் எடுக்கும் முன் டயர் முழுவதும் சோப்பு நீர் தடவச் சொல்லி, எத்தனை இடத்தில் குமிழ் வருகிறது என்று நீங்களே எண்ணுங்கள், படமும் எடுங்கள். குத்துவது அதற்குப் பிறகுதான். வண்டியை விட்டு நகரவே நகராதீர்கள். அந்த டயரை ஊருக்கு வந்ததும் கழற்றி உட்புறம் பார்த்துவிடுங்கள். உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட வேண்டிய அளவுக்குத் துளை பெரிதாக இருந்தால், வெளியிலிருந்து துளையில் செருகும் வெறும் திரி தாங்காது.

இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் வந்து, "கீழே ஒழுகுகிறது, புகை வருகிறது" என்று சைகை காட்டி நிறுத்தவைத்து, தற்செயலாக அருகிலேயே இருக்கும் மெக்கானிக்கிடம் அனுப்பிவைப்பார்கள். ஏசி போட்ட காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. சொட்டுவதைத் தாளில் பிடித்துப் பாருங்கள். நிறமும் பிசுபிசுப்பும் இல்லாவிட்டால் அது தண்ணீர்தான். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியாமல், வெப்பமானி முள்ளும் ஏறாமல் இருந்தால், நெரிசலான பெட்ரோல் பங்க் வரை ஓட்டிச்சென்று அங்கே நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் மிரட்டுகிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக் பாதிச் செலவில் செய்து தருகிறார். எது உண்மை?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்த மிரட்டலுக்கு எதிராக ஒரு முக்கியமான உத்தரவே இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் மாதம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்துச் சந்தையைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனையை வைக்கக் கூடாது என்றும், வெளியில் நடந்த தவறான வேலையால் சேதம் விளைந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. இருந்தாலும் இந்த நியாயத்தை எடுத்துச் சொல்லி வாதாட உங்களுக்கு இடம் இருக்கிறது.

ஆனால் நடைமுறையைச் சொல்லாவிட்டால் நான் உங்களுக்குத் தவறு செய்தவனாவேன். வாரண்டிக் காலத்தில் என்ஜினில் பெரிய கோளாறு வந்தால், எந்தத் தரத்து ஆயில், எந்த ஃபில்டர், எத்தனை கிலோமீட்டரில் போடப்பட்டது என்பதற்குத் தாள் கேட்பார்கள். "பில் வேண்டாமென்றால் ஜிஎஸ்டி இல்லாமல் முடித்துவிடலாம் சார்" என்று சொல்லும் இடத்தில் அந்தத் தாள் கிடைக்காது. ஆகவே தெரு மெக்கானிக்கிடம் போனால், ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே பில்லோடு வாங்கிக்கொடுங்கள். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதன் மேல் ஜிஎஸ்டி கூட்டிப் போட்டால் அது தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதத்தையே இன்னும் போடுகிறார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: பம்பரில் ஒரு கீறல். சர்வீஸ் சென்டரில், "இன்சூரன்ஸில் போட்டுவிடலாம், கூடவே பக்கக் கதவையும் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், உங்கள் கைக்காசு போகாது" என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். கைக்காசு போகாது என்பதே சரியல்ல. தொடர்ந்து ஐந்து ஆண்டு கிளெய்ம் கேட்காமல் இருந்தால், உங்கள் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம்வரை தள்ளுபடி கிடைக்கும். முதல் ஆண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி வருவது அது. தள்ளுபடியைக் காக்கும் தனிச் சேர்க்கை உங்கள் பாலிசியில் இல்லாவிட்டால், இந்த ஒரு கீறலுக்காக அது பூஜ்யத்துக்கு இறங்கி, மீண்டும் படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவுத் தொகையும் உங்கள் கையிலிருந்தே போகும். பம்பர் வேலைக்கு வெளியில் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, இழக்கப்போகும் தள்ளுபடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விபத்தில் படாத கதவைச் சேர்ப்பது மோசடி. கிளெய்ம் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. நாளை கேள்வி வந்தால் அந்த அட்வைசர் வந்து நிற்கமாட்டார்.

கேள்வி: நான் சொல்லாத வேலைகளைச் செய்துவிட்டு, முழுப் பில்லையும் கட்டினால்தான் வண்டி தருவோம் என்றார்கள். அவசரத்துக்குக் கட்டிவிட்டேன். கட்டிய பிறகு புகார் செய்ய முடியுமா? எங்கே செய்வது?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: கட்டியதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த பொருளில் உழைப்பும் திறமையும் செலுத்தியவர், தமக்குச் சேர வேண்டிய கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த நோக்கத்துக்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு உட்பட்ட வேலைக்குத்தான் அந்த உரிமை. ஆயில் மாற்ற விட்ட வண்டிக்குக் கோட்டிங் அடித்துவிட்டு, அந்தக் கோட்டிங் காசுக்காக வண்டியைப் பிடித்துவைப்பது அதற்குள் அடங்காது என்பது என் கருத்து. இனி இப்படி நேர்ந்தால், பணத்தைக் கட்டும்போதே அவர்களிடம் இருக்கும் பில் நகலில், "இன்ன வேலைகளுக்கு நான் ஒப்புதல் தரவில்லை, மறுப்புத் தெரிவித்தே பணம் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்துவிடுங்கள். எழுத விடாவிட்டால், அங்கே நின்றபடியே அதே வாசகத்தை அவர்களுடைய மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, முதலில் அந்த நிறுவனத்தின் மேலாளருக்கும், கம்பெனி சர்வீஸ் சென்டராக இருந்தால் கார் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புவது. ஜாப் கார்டு, பில், பணம் கட்டிய ரசீது, கையேட்டின் பராமரிப்பு அட்டவணைப் பக்கம் ஆகியவற்றின் படங்களையும் இணையுங்கள். கோபத்தைத் தவிர்த்து, எந்த வரிக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு கொடுக்கலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். பில்லே தர மறுத்திருந்தால், அதுவே அந்தச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

கேள்வி: பழைய பாகங்களைக் கேட்டால், "கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்" என்கிறார்கள். உண்மையில் மாற்றினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வாரண்டியில் இலவசமாக மாற்றிய பாகத்தைத் திருப்பி அனுப்புவது உண்மை. பழைய பேட்டரியைக் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டிருந்தால் அதையும் கேட்க முடியாது. நீங்கள் முழு விலை கொடுத்து மாற்றிய ஃபில்டரும் பிரேக் பேடும் உங்களுடையவை. பழைய பாகங்களை டிக்கியில் வைக்க வேண்டும் என்று காலையிலேயே ஜாப் கார்டில் எழுதிவிடுங்கள். மாலையில் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்ற பதில்தான் வரும்.

அதோடு, வண்டியை விடும் முன் பேட்டரியின் வரிசை எண்ணையும், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களின் பக்கச் சுவரில் உள்ள எண்களையும் படம் எடுத்துவையுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைப் பெரும்பாலான கார்களில் கிளிப்பை நெம்பினாலே திறக்கலாம். ஃபில்டரின் ரப்பர் ஓரத்தில் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதி மூடிவிடுங்கள். மாலையில் பில்லில் புதிய ஏர் ஃபில்டர் ஏறியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அட்வைசரை அழைத்து, அந்தப் பெட்டியை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள்.